மருந்துக்கு முதல் தண்ணீரைப் பாருங்கள்

மீன் வளர்க்கிற ஆள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும், மாரி தொடங்கியதும் போனுக்குப் படங்கள் வரத் தொடங்கிவிடும். கோய் கார்ப் ஒன்று தொட்டி மூலையில் செட்டையை ஒடுக்கிக்கொண்டு கிடக்கும், அல்லது கோல்ட் பிஷ் ஒன்றின் விலாவில் சிவப்பாக ஒரு வட்டம் இருக்கும். படத்துக்குக் கீழே எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: என்ன மருந்து போடலாம்? நான் உடனே மருந்துப் பெயர் சொல்வதில்லை. தொட்டி எவ்வளவு பெரிது, எத்தனை மீன், கிணற்றுத் தண்ணீரா பைப் தண்ணீரா, கடைசியாக எப்போது மாற்றினீர்கள், விடியற்காலையில் மீன் எங்கே நிற்கிறது என்று திருப்பிக் கேட்பேன். சாகக் கிடக்கிற மீனுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கு இந்தக் கேள்விகள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். வீட்டுத் தொட்டிகளில் நான் பார்த்த நோய்களில் பெரும்பாலானவை தண்ணீரில் தொடங்கி மீனில் வந்து வெளிப்பட்டவை.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கம் மாடு, ஆடு, கோழிக்கு வருத்தம் என்றால் அரசாங்கக் கால்நடை வைத்தியரிடம் போகலாம். வீட்டு மீனைக் காட்ட ஆள் தேடினால் சிரமம். கால்நடை மருத்துவ பீடம் நாட்டிலேயே பேராதனையில் ஒன்றுதான். அம்பாறையில் இங்கினியாகலையில் நக்டாவின், அதாவது நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான அரசாங்க அதிகார சபையின், நிலையம் இருக்கிறது, ஆனால் அங்கே நடப்பது குளங்களுக்கு விடுகிற உணவு மீன் குஞ்சுகளை வளர்க்கிற வேலை. ஆகவே வளவுக்குள் ஒரு சீமெந்துத் தொட்டி வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்கள் ஓரளவுக்கு நாமேதான் மீனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைக் கவனமாகச் செய்யலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காத்தான்குடியில் மீன் கடை வைத்திருக்கிற ஒரு நானாவிடம் ஆரம்ப காலத்தில் நான் மருந்து கேட்டுப் போனபோது அவர் சொன்னது இன்னும் ஞாபகம்: "தம்பி, மீனக் கொண்டுவராதீங்க, தண்ணியக் கொண்டுவாங்க." ஒரு போத்தல் தொட்டித் தண்ணீர் கொண்டுபோனேன். சின்னக் குழாயில் ஊற்றி, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதைக் காட்டினார். அமோனியா. மீன் செவுள் வழியாக வெளியேற்றுவதும் இதுதான், மிஞ்சிய தீனும் கழிவும் அழுகும்போது வருவதும் இதுதான். தொட்டிச் சுவரிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழ்கிற பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது அவ்வளவு மோசமில்லை. வடிகட்டிப் பஞ்சைக் குளோரீன் பைப் தண்ணீரில் பளிச்சென்று கழுவிவிட்டால் அந்தப் பற்றீரியாக்கள் செத்துப்போகும், அப்புறம் சில நாளில் மீன் ஒவ்வொன்றாகச் சோரும். பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், அழுக்கு ஓரளவு போனால் போதும்.

நம்முடைய வெக்கைக்கு அமோனியா இன்னும் கொடியது. தண்ணீரின் காரத்தன்மை கூடக் கூட, சூடு கூடக் கூட, அமோனியாவில் நஞ்சாக இருக்கிற பங்கும் கூடும். காரத்தன்மையைப் பிஎச் என்ற எண்ணால் சொல்வார்கள். 28 பாகை வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பிஎச் 9 என்றால் அது 40 பங்கு அளவுக்குப் போய்விடும். புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து பிஎச் ஏறிக்கிடக்கும். அதனால்தான் நம்மவர்கள் வாழைக்குற்றியை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, தண்ணீரை இறைத்து, மறுபடியும் நிரப்பி ஊறவிடுகிறார்கள். அது நல்ல பழக்கம், அவசரப்பட்டு அதை விடாதீர்கள்.

அடுத்தது காற்று. 30 பாகைத் தண்ணீர் நிறைந்து நின்றாலும் லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் ஒட்சிசன்தான் பிடிக்கும், 20 பாகை என்றால் 9 மில்லிகிராம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தொட்டித் தண்ணீர் மத்தியானத்தில் கைக்கே சுடும். பாசி பச்சையாகக் கட்டியிருந்தால் பகலில் ஒட்சிசன் தரும், இரவில் அதுவே மீனோடு போட்டி போட்டு இழுக்கும். ஆகக் குறைந்த நேரம் விடியற்காலை. ஐந்தரை மணிக்கு எழும்பிப் போய்ப் பாருங்கள். எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது நோயில்லை, மூச்சுத் திணறல். மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு குவளையால் தண்ணீரை அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டிருங்கள், மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள், தீன் போடாதீர்கள். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரன்ட் போனபோது பம்பு நின்ற தொட்டிகளில் இப்படித்தான் பலர் மீனைக் காப்பாற்றினார்கள். மீன் குறைவாக இருந்த தொட்டிகள் பம்பு இல்லாமலே தாங்கின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பைப் தண்ணீர் விடுகிறவர்களுக்கு ஒரு சொல். மட்டக்களப்புக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்திகரித்துத்தான் வருகிறது, அதில் குளோரீன் இருக்கும், மனிதருக்கு அது அவசியம், மீன் செவுளுக்கு அது எரிவு. அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரில் குளோரீன் பிரச்சினை இல்லை, ஆனால் ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் கோடையில் கிணறு உவர்க்கும். உப்பு வைத்தியம் செய்யப் போகிறவர் அதை நாக்கில் வைத்தாவது பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, உப்பு. வீட்டு மீன் வைத்தியத்தில் என்னிடம் ஒரே ஒரு பொருள்தான் இருக்கலாம் என்றால் நான் உப்பைத்தான் வைத்துக்கொள்வேன். கடைகளில் வண்ணக் குப்பிகள் எத்தனை இருந்தாலும் இந்த எண்ணம் மாறவில்லை. ஏன் என்று விளங்கினால் எப்போது போடுவது, எப்போது போடாமல் விடுவது என்பதும் தானாகவே விளங்கும். நன்னீர் மீனின் இரத்தம் அது நீந்துகிற தண்ணீரைவிட உப்பானது, கிட்டத்தட்ட லீற்றருக்கு 9 கிராம் உப்புக்குச் சமம். அதனால் வெளித் தண்ணீர் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். மீன் தண்ணீர் குடிப்பதில்லை, ஏறியதைச் சிறுநீரகத்தால் இறைத்து வெளியே தள்ளுவதுதான் அதன் ஓயாத வேலை. தோலில் ஒரு புண் விழுந்தால் அந்த இடத்தால் தண்ணீர் இன்னும் வேகமாக ஏறும், உடம்பில் இருக்கிற உப்பும் கசியும். புண்பட்ட மீன் பல நேரம் கிருமியால் சாவதற்கு முன்னால் இந்த இறைப்பிலேயே களைத்துச் செத்துப்போகிறது. வெளியே கொஞ்சம் உப்புச் சேர்த்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் குறையும், அந்த வேலை லேசாகும், மிச்சமான பலத்தில் மீன் தானே ஆறும். நைத்திரைற்று ஏறிய தண்ணீரிலும் உப்பில் உள்ள குளோரைட் அந்த நஞ்சு செவுளுக்குள் போவதைத் தடுக்கிறது.

அளவு முக்கியம், கைப்பிடிக் கணக்கு வேண்டாம். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28.3 ஆல் பெருக்கினால் லீற்றர் கிடைக்கும். ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடித் தண்ணீர் என்றால் 48 கன அடி, கிட்டத்தட்ட 1,360 லீற்றர். சும்மா சோர்ந்திருக்கிற மீனுக்கு லீற்றருக்கு 1 கிராம் போதும். வெண்புள்ளி, புண் என்றால் 3 கிராம், அதாவது அந்தத் தொட்டிக்கு 4 கிலோ. ஒரேயடியாகக் கொட்டாமல் வாளியில் கரைத்து இரண்டு மூன்று நாளில் பிரித்து ஊற்றுங்கள். கல்லுப்பு நல்லது. ஆற்றுவாழையோ வேறு செடியோ இருந்தால் முதலில் எடுத்து வேறிடத்தில் போடுங்கள், இந்த அளவு உப்பில் அவை கருகும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை, அப்படியே தங்கிவிடும். குறைந்த தண்ணீரை நிரப்புகிறபோது மறுபடியும் உப்புப் போட்டால் அளவு ஏறிக்கொண்டே போகும். எத்தனை லீற்றரை வெளியேற்றினீர்களோ அதற்குரிய உப்பை மட்டும் சேருங்கள். இறைக்கிற உப்புத் தண்ணீரை வெற்றிலைக் கொடிக்கோ கத்தரிக்கோ விடாமல் தென்னைக்கு விடலாம், அது தாங்கும்.

இனி எங்கள் தொட்டியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளையும் சிவப்புமான ஒரு கோய், தொட்டியிலேயே ஆகச் சாதுவானது, கையில் வந்து தீன் எடுக்கும். அது சுவரில் உடம்பை உரசத் தொடங்கியது. உரசினால் ஒட்டுண்ணி என்று சந்தேகப்படலாம், ஆனால் அமோனியா ஏறினாலும் உரசும், ஆகவே தண்ணீரைச் சோதித்தேன், அது சரியாக இருந்தது. பிறகு ஒரு வெள்ளைப் பேசினால் மெதுவாக அள்ளி எடுத்தேன். வலையால் பிடித்தால் தோலின் மேல் இருக்கிற வழுவழுப்புப் போய்விடும், மீனுக்கு இருக்கிற முதல் காவலே அந்த வழுவழுப்புத்தான். பேசினில் வைத்துப் பார்த்தபோது முதுகுச் செட்டைக்குக் கீழே ஒரு சிவந்த புண், அதன் நடுவில் மெல்லிய நார்த்துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நங்கூரப் புழு. லெர்னேயா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். புழு என்று சொன்னாலும் அது இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த உயிர். பெண் மட்டும்தான் தலையை நங்கூரம்போலச் சதைக்குள் புதைத்துக்கொண்டு, வெளியே தெரிகிற வாலில் முட்டைப்பைகளோடு நிற்கும்.

வீட்டில் எல்லாரும் சுற்றிநின்றார்கள். அம்மம்மா "மனே, மஞ்சளப் பூசு, ஆறிடும்" என்றா. மஞ்சளை நான் குறைவாகச் சொல்லமாட்டேன், ஆனால் நங்கூரம் உள்ளே இருக்கும்வரை மேலே எதைப் பூசினாலும் பலனில்லை. ஈரத் துணியால் கண்ணை மூடினால் மீன் அடங்கி நிற்கும். கூரான சாமணத்தால் புழுவைத் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து, நிதானமாக நேரே இழுக்க வேண்டும். நுனியில் பிடித்தால் அறுந்து தலை உள்ளே தங்கிவிடும். எடுத்ததும் பஞ்சுக் குச்சியில் பொவிடோன் அயடீன் தொட்டுப் புண்ணில் மட்டும் ஒற்றினேன், செவுள் பக்கம் ஒரு துளியும் போகவிடவில்லை. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்து மீன் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். மீனுக்கு வலி தெரியாது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். 2003இல் லின் ஸ்னெடன் என்ற விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்தவர்களும் ட்ரவுட் மீனின் தலையில் வலியை உணர்கிற நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். அந்த ஆராய்ச்சி இல்லாவிட்டாலும், என் கைக்குள் அது துடித்த விதத்துக்குப் பிறகு யாரும் எனக்கு அதைச் சொல்லத் தேவையில்லை.

பிறகு தனியாக வைத்தேன். தண்ணீர் பிடிக்கிற பெரிய நீலப் பரல் ஒன்று, நூறு லீற்றருக்கு மேல், நிழலில். அதே தொட்டித் தண்ணீர், காற்றுப் பம்பு, லீற்றருக்கு 3 கிராம் உப்பு, மேலே வலை மூடி, ஏனென்றால் புது இடத்தில் விட்ட கோய் இரவில் பாயும். முதல் இரண்டு நாள் தீன் கிடையாது. மீன் பட்டினியால் அவ்வளவு சீக்கிரம் சாகாது, ஆனால் சின்னத் தண்ணீரில் போட்ட தீன் அமோனியாவாகி அதைக் கொன்றுவிடும். தினமும் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு உப்பு. இதுதான் வைத்தியம் முழுக்க. கொதித்துச் சிவந்திருந்த புண் விளிம்பு முதலில் வெளிறியது, அப்புறம் விளிம்பில் இருந்து நடுவை நோக்கிப் புதுத்தோல் மங்கலாக மூடியது. கிழமைக் கணக்கில் எடுத்தது. பொறுமை இல்லாமல் இடையில் இன்னொரு மருந்தை ஊற்றத் தோன்றுகிற நாட்கள் வரும், ஊற்றாதீர்கள்.

ஒன்றைப் பிடுங்கியதோடு நங்கூரப் புழு முடிவதில்லை. முட்டைகள் ஏற்கனவே தொட்டிக்குள் விழுந்திருக்கும், நம் வெப்பத்தில் மூன்று கிழமை அளவில் அடுத்த தலைமுறை வந்து ஒட்டும். ஆகவே மற்ற மீன்களையும் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பிடுங்க வேண்டும். டிஃப்ளூபென்சுரோன் என்ற மருந்து உண்டு, அது இந்த உயிர் தோல் கழற்றி வளர்வதைத் தடுக்கும். அதே காரணத்தால் இறால், நண்டு குஞ்சுகளையும் கொல்லும். வீட்டுக் கானில் விடுகிற தண்ணீர் கடைசியில் மட்டக்களப்பு ஆற்றுக்குத்தான் போகிறது, அந்த ஆற்று இறாலை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது. எனக்கு மனம் வரவில்லை, சாமணத்தோடேயே இருந்துகொண்டேன்.

வெண்புள்ளி நோய் வேறு கதை. ரவை தூவியதுபோல உடம்பிலும் செட்டையிலும் வெள்ளைப் புள்ளிகள். மார்கழி, தை மழையில் தொட்டி திடீரென்று குளிரும்போது அதிகம் வரும். மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்போது எந்த மருந்தும் இந்த ஒட்டுண்ணியைத் தொடாது. அது உதிர்ந்து, தொட்டி அடியில் பெருகி, புதுக் குஞ்சுகள் நீந்தி மீனைத் தேடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் உப்பு அவற்றைக் கொல்லும். நம் தண்ணீரில் இந்தச் சுற்று ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும். புள்ளி மறைந்ததும் உப்பை இறைத்துவிட்டால் மறுபடியும் வரும், இரண்டு கிழமையாவது அந்த 3 கிராம் நிற்கட்டும். ஆனால் போடுவதற்கு முதல் ஒன்றைக் கவனியுங்கள்: செவுள் மூடியிலும் முன் செட்டையின் முதல் முள்ளிலும் மட்டும் ஒழுங்காக வெள்ளைக் குருமணிகள் இருந்து, மீன் சுறுசுறுப்பாக ஓடித் திரிந்தால் அது நோயில்லை, இனப்பெருக்கத்துக்குத் தயாரான ஆண். இந்தப் படம் அனுப்பி மருந்து கேட்டவர்கள் பலர்.

போடக்கூடாதவற்றைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாமசியில் வாங்கிய ரெட்ராசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் கப்சூலை உடைத்துத் தொட்டியில் கொட்டுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. கடினத் தண்ணீரில் உள்ள கல்சியம், மக்னீசியத்தோடு அது பிணைந்து பெரும்பாலும் வீணாகிப்போகும், தண்ணீர் மஞ்சளாகிப் பழுப்பாகும், மீனுக்குள் போக வேண்டியது போகாது. மிச்சம் என்னவென்றால் அந்த மருந்துக்குப் பழகிப்போன கிருமிகள், அவை நமக்கும் நல்லதில்லை. அடுத்தது மலகைட் பச்சை என்ற சாயம். அழகு மீனுக்குப் போடுகிறார்கள், ஆனால் தொட்டியில் திலாப்பியாவும் சேர்த்து வளர்த்துச் சாப்பிடுகிற வீடுகள் நம்மிடம் நிறைய. மலகைட் பச்சை சதையில் தங்கும், உணவு மீனுக்கு அதைப் பாவிப்பது பல நாடுகளில் தடை. மூன்றாவது, வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தில் ஒரு மூடி. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். மீனும் சாகும், கையை விட்டு மீனைப் பிடிக்கிற பிள்ளைக்கும் ஆபத்து.

வயல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தோடு வயலிலும் வாய்க்காலிலும் விரால் ஏறும், பிள்ளைகள் பிடித்துக்கொண்டு வந்து வீட்டுத் தொட்டியில் விடுவார்கள். சில மாரியில் அந்த விராலின் உடம்பில் சதை தெரிகிற அளவுக்குச் சிவந்த புண் இருக்கும். அபனோமைசிஸ் இன்வாடன்ஸ் என்ற பங்கசு போன்ற உயிர் செய்கிற வேலை அது. 1971இல் யப்பானில் முதலில் கண்டார்கள், 1980களின் கடைசியில் இலங்கைக்கும் வந்துவிட்டது. குளிர்ந்த மழைத் தண்ணீரில்தான் பரவும், விராலையும் கெண்டைகளையும் கடுமையாகத் தாக்கும். மனிதருக்கு அது தொற்றாது, ஆனால் புண் விழுந்த மீனை வீட்டுத் தொட்டிக்குள் விடவும் வேண்டாம், ஆற்றில் திருப்பி விடவும் வேண்டாம், புதைத்துவிடுங்கள்.

சில மீன் தேறாது. செதில் எல்லாம் சிலிர்த்து வயிறு ஊதி, கண் பிதுங்கி நிற்கிற நிலைக்கு வந்துவிட்டால் உள்ளே சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம், அதில் இருந்து மீண்ட மீன்கள் மிகக் குறைவு. வெளியே போட்டுத் துடிக்கவிடுவதையும், குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதையும் செய்யாதீர்கள். பல்வலிக்கு விற்கிற கராம்பு எண்ணெய் 4 மில்லிலீற்றரைச் சின்னப் போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கிற 10 லீற்றர் வாளியில் மெல்ல மெல்ல ஊற்றினால் அது முதலில் மயங்கும், பிறகு மூச்சு அடங்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணித்தியாலமாவது அப்படியே விட்டுவையுங்கள். வளர்த்த கைக்கு இது சுலபமில்லை. அது படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட இது மேல் என்று நான் நம்புகிறேன்.

இதெல்லாம் வராமல் இருக்க ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லச் சொன்னால், புது மீனை நேரே தொட்டியில் விடாமல் இருப்பதைச் சொல்வேன். நங்கூரப் புழுவும் வெண்புள்ளியும் பெரும்பாலும் கடைப் பையில்தான் வந்து சேர்கின்றன. அதே நீலப் பரலில் நாலு கிழமை தனியாக இருக்கட்டும், நங்கூரப் புழுவின் ஒரு சுற்று முடிகிறவரை நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். பையில் இருக்கிற கடைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மீனை மட்டும் எடுங்கள். பரலுக்கென்று வேறாக ஒரு வலை, ஒரு குவளை வைத்துக்கொள்ளுங்கள், பாவித்த பிறகு இரண்டையும் நல்ல வெயிலில் முறுகக் காயவிடுங்கள்.